மூக்குக்குள் நடக்கும் இடமாற்றம்

அலாஸ்காவின் தென்மேற்கில் யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகப் பகுதி இருக்கிறது. அங்குள்ள சிற்றூர்களுக்குச் சாலை கிடையாது. படகிலோ சிறு விமானத்திலோதான் போய்ச் சேர வேண்டும். பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் எட்டாமலே இருந்தது. இத்தகைய ஊர்களில் வாழும் அலாஸ்கா பூர்வகுடிகளின் குழந்தைகளை நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நெடுங்காலமாக வாட்டி வந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு 403 பேர் என்ற அளவில், அந்தக் கிருமி ரத்தத்திலோ மூளையுறையிலோ புகுந்து கடும் நோயை உண்டாக்கியது. இது 1995 முதல் 2000 வரையிலான கணக்கு.

2001இல் அங்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி வந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த 403 என்ற எண் 134 ஆகச் சரிந்தது. மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2004 முதல் 2006 வரையிலான கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது எண் மீண்டும் 245ஐத் தொட்டிருந்தது. தடுப்பூசி தோற்கவில்லை. எந்த வகைக் கிருமிகளுக்கு எதிராக அது செய்யப்பட்டதோ, அந்த வகைகள் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தன. தடுப்பூசியில் இடம்பெறாத வேறு வகைகள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. அவற்றில் முன்னால் நின்றது ‘19ஏ’ என்ற வகை. அலாஸ்காவின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கண்ட கடும் நிமோகாக்கஸ் நோயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒரு வகையால் வந்தது.

குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது எத்தனை குழந்தைகளுக்குப் போட்டோம், எத்தனை விழுக்காட்டை எட்டினோம் என்று கணக்குச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் ஊசி போட்ட பிறகு கிருமிகளின் கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டும். இந்தியா முழுவதும் இந்தத் தடுப்பூசி பொதுத் திட்டத்தில் சேர்ந்துவிட்ட இன்றைய நிலையில், அந்தக் கேள்வி நம் குழந்தைகளைப் பற்றிய கேள்வியும் ஆகிவிட்டது.

நிமோகாக்கஸ் புதிய எதிரி அல்ல. 1881இல் பிரான்சில் லூயி பாஸ்தரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமல் இதைக் கண்டறிந்தார்கள். இருவருக்கும் இது கிடைத்த இடம் மனித எச்சில். அதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும். மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்புறமும் சேரும் பகுதிதான் இந்தக் கிருமியின் குடியிருப்பு. குழந்தைகள் இதைச் சுமந்து திரிவார்கள். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இருக்காது. தும்மல், இருமல், எச்சில் வழியாக ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தாவும். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து மதுரை அரவிந்த் மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர்கள் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுத்தால் இந்தக் கிருமி மூக்கில் குடியேறுவது தள்ளிப்போகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி. தள்ளிப்போகிறது என்று கண்டார்கள். பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே நம் குழந்தைகளின் மூக்கில் அது வந்து அமர்ந்துவிடுகிறது என்பதால்தான் அப்படி ஒரு கேள்வியே எழுந்தது.

எப்போதாவது அது நுரையீரலுக்குள் இறங்கும், ரத்தத்தில் கலக்கும், மூளையுறையை எட்டும். நிமோனியா, ரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல் என்று குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். கிருமியின் நோக்கில் பார்த்தால் இது ஒரு விபத்து. ரத்தத்துக்குள் போன கிருமியால் இன்னொரு குழந்தைக்குப் பரவ முடியாது. அதன் வம்சம் வளர்வதும் அழிவதும் மூக்குக்குள்தான் தீர்மானமாகிறது. தடுப்பூசியால் கிருமிகளின் பரிணாமம் எப்படித் திசைமாறுகிறது என்று தேடினால், பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. உடலின் காவல் செல்கள் தன்னை விழுங்காதபடி காக்கும் கவசம் அது. உறையில் உள்ள சர்க்கரையின் அமைப்பைப் பொறுத்து இதில் 100க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. தடுப்பூசி குறிவைப்பது இந்த உறையைத்தான். ஒரு சிக்கல் இருந்தது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நோய்த்தடுப்பு மண்டலம் வெறும் சர்க்கரையைக் கண்டு சரியாக எழும்பாது. அதனால் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தார்கள். தொண்டை அடைப்பான் நச்சின் நஞ்சு நீக்கிய வடிவமே அந்தப் புரதம். 7 வகைகளுக்கு எதிரான முதல் இணைப்புத் தடுப்பூசி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 100க்கும் மேற்பட்ட வகைகளில் 7 மட்டும் ஏன்? அமெரிக்கக் குழந்தைகளின் கடும் நோய்க்குப் பெரும்பாலும் அந்த 7 வகைகளே காரணமாக இருந்தன.

விளைவு பிரமிக்கத்தக்கது. அமெரிக்காவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 1 லட்சத்துக்குச் சுமார் 99 பேர் என்றிருந்த கடும் நிமோகாக்கஸ் நோய், 2007இல் 24க்கு இறங்கியது. அதைவிட வியப்பு, ஊசியே போடாத தாத்தா பாட்டிகளிடமும் அந்த 7 வகைகளால் வரும் நோய் வெகுவாகக் குறைந்தது. பேரக்குழந்தையின் மூக்கில் அந்த வகைகள் குடியேற முடியாமல் போனதால், அவை வீட்டுப் பெரியவர்களுக்குப் பரவும் வழியும் அடைபட்டது.

இங்கேதான் இந்தத் தடுப்பூசியின் இரு முகங்களும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. மூக்கில் குடியேறுவதையே தடுக்கும் ஆற்றல்தான் பெரியவர்களையும் காக்கிறது. அதே ஆற்றல்தான் மூக்கில் இடத்தைக் காலியாக்கி, அதுவரை ஓரமாக ஒதுங்கியிருந்த வகைகளுக்கு வழிவிடுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது. இது நடக்கக்கூடும் என்பதைத் தடுப்பூசி வருவதற்கு முன்பே, 1997இல், மார்க் லிப்சிட்ச் என்ற ஆய்வாளர் கணித மாதிரிகளின் வழியாக எழுதிவிட்டார். பிறகு நடந்தவை அவர் எழுதியதை மெய்ப்பித்தன.

காலியான இடத்துக்கு வந்தவை எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விக்கு விடை காண மரபணு வரிசைப்படுத்தும் தொழில்நுட்பம் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2001 முதல் 2007 வரை நலமாக இருந்த குழந்தைகளின் மூக்கிலிருந்து எடுத்த 616 கிருமி மாதிரிகளின் முழு மரபணுத் தொகுதியையும் நிக்கோலஸ் குரூச்சரும் அவருடைய குழுவினரும் படித்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எளிமையானது, ஆனால் முக்கியமானது. புதிதாக எதுவும் பெரிய அளவில் பிறந்துவிடவில்லை. முன்பே அங்கு சிறு எண்ணிக்கையில் இருந்த மரபுக் கிளைகள் பெருகின. பெருமளவில் இருந்தவை தேய்ந்தன. கிருமிக் கூட்டத்தின் மொத்தத் தன்மை, உறையைத் தவிர்த்துப் பார்த்தால், அதிகம் மாறவில்லை.

ஆனால் உறையை மாற்றிக்கொள்ளும் வித்தையும் இந்தக் கிருமிக்குத் தெரியும். அதன் கதை 1928இல் லண்டனில் தொடங்குகிறது. பிரிட்டன் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வாளர் ஃபிரெடெரிக் கிரிஃபித், உறையுள்ள நிமோகாக்கஸை வெப்பத்தால் கொன்று, உறையில்லாத உயிருள்ள நிமோகாக்கஸோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தினார். தனித்தனியே செலுத்தியபோது இரண்டுமே எலிகளைக் கொல்லவில்லை. கலந்து செலுத்தியபோது எலிகள் செத்தன; அவற்றின் ரத்தத்தில் உறையோடு உயிருள்ள கிருமிகள் இருந்தன. இறந்த கிருமியிடமிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள கிருமிக்குப் போயிருந்தது. அது டிஎன்ஏ என்பதை 1944இல் நியூயார்க்கில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய இரு சகாக்களும் நிறுவினார்கள். பரம்பரைப் பண்புகளைச் சுமப்பது டிஎன்ஏதான் என்று உலகுக்கு முதலில் உணர்த்தியது இந்தக் கிருமிதான். கிரிஃபித் அந்த முடிவைப் பார்க்கவில்லை. 1941இல் லண்டன்மீது நடந்த விமானத் தாக்குதலில் அவர் இறந்துபோனார்.

கிரிஃபித்தின் எலிகளுக்குள் நடந்தது இன்று குழந்தைகளின் மூக்குக்குள் நடக்கிறது. ஒரே மூக்கில் இரண்டு வகைகள் குடியிருக்கும்போது, செத்து உடைந்த ஒன்றின் டிஎன்ஏ துண்டுகளை மற்றது உள்வாங்கித் தன் மரபணுத் தொகுதியில் சேர்த்துக்கொள்ளும். உறையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஒரே இடத்தில் கொத்தாக அமைந்திருப்பதால், ஒரே பெயர்ச்சியில் முழு உறையும் மாறிவிடலாம்; ஆள் அதே ஆள், சட்டை மட்டும் வேறு. அமெரிக்காவில் தடுப்பூசி வந்த சில ஆண்டுகளிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. தடுப்பூசி குறிவைத்த ‘4’ என்ற வகையின் உறையோடு திரிந்த ஒரு கிளை, ‘19ஏ’ உறையோடு தென்பட்டது. ஆஞ்சலா ப்ரூக்மன் குழுவினர் 2007இல் இதைக் கண்டு எழுதினார்கள். 2012இல் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, பல துண்டுகளாக டிஎன்ஏ மாறி வந்திருந்தது உறுதியாயிற்று.

இதில் கவலை தரும் ஒரு நுணுக்கம் உண்டு. உறை மரபணுக் கொத்தின் இரு பக்கத்திலும், பென்சிலினுக்கு இலக்காகும் புரதங்களின் மரபணுக்கள் அமைந்திருக்கின்றன. அதனால் உறை இடம்பெயரும்போது, பென்சிலினுக்கு அசைந்து கொடுக்காத தன்மையும் அதே துண்டில் கூடவே வந்துவிடலாம். தடுப்பூசியிலிருந்தும் மருந்திலிருந்தும் ஒரே தாவலில் தப்பிவிடலாம் என்பது கிருமிக்குக் கிடைத்திருக்கும் அமைப்பு. ஸ்பெயினில் 1980களில் முதலில் அடையாளம் காணப்பட்டு உலகமெங்கும் பரவிய ஒரு மருந்தெதிர்ப்புக் கிளையின் 240 மாதிரிகளை 2011இல் ஆராய்ந்தபோது, 1970 வாக்கில் தோன்றிய அந்த ஒரே கிளைக்குள் 700க்கும் மேற்பட்ட டிஎன்ஏ பரிமாற்றங்கள் நடந்திருந்தது தெரிந்தது. அந்தக் கிளையிலும் சில ‘19ஏ’ உறைக்கு மாறியிருந்தன. பின்னாளில், 13 வகைகளுக்கு எதிரான தடுப்பூசி வந்த பிறகு, ‘9வி’ உறை கொண்ட இன்னொரு புகழ்பெற்ற மருந்தெதிர்ப்புக் கிளை ‘35பி’ உறைக்கு மாறி அமெரிக்காவில் பெருகியது.

எல்லாப் பழியையும் தடுப்பூசிமீது போடுவது நியாயமல்ல. தென்கொரியாவிலும் இஸ்ரேலிலும் தடுப்பூசி பொதுத் திட்டத்தில் சேர்வதற்கு முன்பே ‘19ஏ’ பெருகத் தொடங்கியிருந்தது. அங்கே அதைத் தூக்கிவிட்டது ஆன்டிபயாடிக் மருந்துகளின் மிகுபயன்பாடு. மருந்தும் தடுப்பூசியும் சேர்ந்தே இந்தக் கிருமிக் கூட்டத்தைச் சல்லடையில் சலிக்கின்றன. சளி, இருமலுக்கெல்லாம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கம் ஊன்றிவிட்ட நம் ஊர்களுக்கு இது அக்கம்பக்கத்துச் செய்தி அல்ல, வீட்டுச் செய்தி.

அப்படியானால் தடுப்பூசி போட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சமூக ஊடகங்களில் தடுப்பூசிக்கு எதிராக எழுதுபவர்கள் ‘19ஏ’யின் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்கிறார்கள். முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பொதுவாக, இடத்தைப் பிடிக்கும் புதிய வகைகள் மூக்கில் குடியிருப்பதில் கெட்டிக்காரர்களே தவிர, ரத்தத்துக்குள் நுழைவதில் முந்தையவர்கள் அளவுக்குத் தேர்ந்தவர்கள் அல்ல. மூக்கில் காலியான இடம் ஏறக்குறைய முழுதாக நிரம்பிவிட்டாலும், நோய் அதே அளவுக்கு நிரம்புவதில்லை. அமெரிக்கக் குழந்தைகளிடம் ‘19ஏ’ பெருகிய அதே ஆண்டுகளில்தான் மொத்த நோய் நான்கில் மூன்று பங்கு குறைந்தது. கென்யாவின் கிலிஃபி மாவட்டத்தில் 2011இல் 10 வகைத் தடுப்பூசி வந்த பிறகு, 5 வயதுக்குட்பட்டோரிடம் அந்த வகைகளால் வரும் கடும் நோய் 92 விழுக்காடு குறைந்தது. குறிப்பிடத்தக்க மாற்று நோய் எதுவும் எழவில்லை.

காம்பியாவில் நடந்த சோதனையை இதற்கெல்லாம் மேலே வைத்துப் பார்க்க வேண்டும். 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்ற அந்தச் சோதனையின் முடிவுகள் 2005இல் வெளிவந்தன. 9 வகைத் தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம், எந்தக் காரணத்தாலும் நேரும் மரணங்களின் மொத்த எண்ணிக்கையே 16 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவமனைக்கு எட்டாத தொலைவில் வாழும் ஏழைக் கிராமங்களில் ஒரே ஒரு தடுப்பூசியால் இத்தனை பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்றால், அந்தத் தடுப்பூசியைச் சந்தேகிக்கும் பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனாலும் எல்லா இடத்திலும் கணக்கு இவ்வளவு சாதகமாக முடிவதில்லை. அலாஸ்காவின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் மாற்று வகைகள் பெருகியபோது, அதே மாநிலத்தின் மற்ற குழந்தைகளிடம் அப்படிப்பட்ட உயர்வு காணப்படவில்லை. ஒரே தடுப்பூசி, ஒரே மாநிலம், வேறு வேறு விளைவு. நெருக்கமான வீடுகள், தண்ணீர் வசதியின்மை, கிருமி மூக்கில் குடியிருக்கும் விகிதம் ஆகியவை வேறுபட்டால் தடுப்பூசிக்குப் பிந்தைய பரிணாமமும் வேறுபடும். 2009இல் 13 வகைத் தடுப்பூசியைக் கழிமுகக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகே அங்கு நோய் மறுபடி இறங்கியது. குடிநீரும் கைகழுவும் வசதியும் இல்லாத ஊர்களில்தான் இந்நோய் அதிகம் என்பதையும் அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டு, வேறொரு நாட்டின் முடிவுகளை அப்படியே நம்முடையதாக எடுத்துக்கொள்வது கவனக்குறைவாகவே இருக்கும்.

பிரிட்டனில் சிக்கல் முதியோர் பக்கமாகத் திரும்பியது. 2006இல் 7 வகை, 2010இல் 13 வகை என்று தடுப்பூசி வந்து, குழந்தைகளின் நோய் தாழ்ந்தது. 2014 வாக்கிலிருந்து 8, 12எஃப், 9என் போன்ற தடுப்பூசியில் இல்லாத வகைகள் பெரியவர்களிடம் கடும் நோயை வேகமாகப் பெருக்கின. குழந்தைகளின் தடுப்பூசியால் முதியோருக்குக் கிடைத்துவந்த மறைமுகப் பலனில் ஒரு பகுதி கரைந்துபோனது. ‘3’ என்ற வகை இன்னொரு விதம். 13 வகைத் தடுப்பூசியில் அதுவும் இருக்கிறது. ஆனாலும் அது தன் தடித்த உறையை உதிர்த்து, பாய்ந்துவரும் எதிர்ப்பொருள்களைத் திசைதிருப்பித் தப்பித்துவிடுகிறது.

பெல்ஜியத்தில் நடந்தது இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பாடம். 2011 முதல் 13 வகைத் தடுப்பூசி அங்கு பயன்பட்டது. ‘19ஏ’ அதற்குள் அடங்கியிருந்தது. 2015-16இல் அந்நாட்டின் பகுதிகள் ‘19ஏ’ இல்லாத ஒரு 10 வகைத் தடுப்பூசிக்கு மாறின. ஓரிரு ஆண்டுகளிலேயே சிறு குழந்தைகளிடம் ‘19ஏ’ திரும்பி வந்தது. அந்நாட்டின் கண்காணிப்பு அமைப்பு அதை உடனே பிடித்தது. 2019இல் மீண்டும் 13 வகைத் தடுப்பூசிக்குத் திரும்பினார்கள். கண்காணிப்பு இல்லாத நாட்டில் இதே மாற்றம் நடந்திருந்தால், யாருக்கும் தெரியாமலே குழந்தைகள் நோயுற்றிருப்பார்கள்.

மற்ற தடுப்பூசிகளுக்குப் பிறகும் இப்படித்தானா? ஒவ்வொன்றும் தனிக் கதை. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சா ‘பி’ வகைக்கு எதிரான தடுப்பூசி, அந்த வகையால் வரும் மூளைக்காய்ச்சலைப் பல நாடுகளில் ஏறத்தாழத் துடைத்தே எடுத்துவிட்டது. அந்தக் கிருமியில் உறையுள்ள வகைகள் 6 மட்டுமே என்பதால் காலியான இடத்துக்குப் போட்டியும் குறைவு. ஆனாலும் அலாஸ்கா, வட கனடா பூர்வகுடிக் குழந்தைகளிடம் ‘ஏ’ வகை தலைகாட்டியது. தொண்டை அடைப்பான் தடுப்பூசியோ கிருமியை விட்டுவிட்டு அதன் நச்சைக் குறிவைக்கிறது. கக்குவான் இருமலில் நடந்தது வேறு. முழுச்செல் தடுப்பூசிக்குப் பதிலாகச் சில தூய புரதங்களை மட்டும் கொண்ட தடுப்பூசிக்கு மாறிய நாடுகளில், அந்தப் புரதங்களில் ஒன்றான பெர்டாக்டினை உற்பத்தி செய்யாத கக்குவான் கிருமிகள் பெருகின. ஆஸ்திரேலியாவில் 2008இல் அரிதாக இருந்த இத்தகைய கிருமிகள் 2012இல் நான்கில் மூன்று பங்குக்கு மேலாயின. இந்தியாவின் பொதுத் திட்டம் இன்றும் முழுச்செல் தடுப்பூசியையே பயன்படுத்துகிறது. தனியார் மருத்துவமனைகளில் காய்ச்சல் குறைவு என்று சொல்லி மற்றதைப் போடுகிறார்கள். இந்த வேறுபாடு கிருமியின் பரிணாமத்தில் என்ன செய்யும் என்று யோசித்தாவது பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். 1990களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைக்க, நாட்டின் ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து கடும் நிமோகாக்கஸ் நோயைக் கண்காணித்தன. 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அந்த ஆய்வு, 1, 5 என்ற இரண்டு வகைகள் இந்தியாவில் முன்னணியில் இருப்பதைக் காட்டியது. அமெரிக்காவுக்காகச் செய்த 7 வகைத் தடுப்பூசியில் அந்த இரண்டுமே கிடையாது. அந்த ஆய்வு இல்லாதிருந்தால், நம் குழந்தைகளுக்குப் பொருந்தாத ஒரு பட்டியலையே நல்லதென்று நம்பியிருப்போம்.

புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் செய்த 10 வகைத் தடுப்பூசியில் 1, 5 இரண்டும் உள்ளன. 6ஏ, ‘19ஏ’ இரண்டும் உள்ளன. 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்ற இது, ஏழை நாடுகளுக்கு டோஸ் ஒன்றுக்குச் சுமார் 2 டாலர் விலையில் கிடைக்க வழி செய்தது. இந்தியாவின் பொதுத் திட்டத்தில் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் இமாசலப் பிரதேசம், பிகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் தொடங்கி, 2021இல் நாடெங்கும் விரிந்தது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு வந்தது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணைகள். 2015இல் மட்டும் இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 68,700 குழந்தைகள் நிமோகாக்கஸால் இறந்ததாக மதிப்பிடப்பட்ட நிலையில், இந்தத் தடுப்பூசி 20 ஆண்டுகள் தாமதமாக வந்தது என்பதே வருத்தம்.

இனி செய்ய வேண்டியது என்ன? புதன்கிழமைதோறும் துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார் கிராம செவிலியர். அங்கு வரும் குழந்தைகளில் சிலரின் மூக்கிலிருந்து, பெற்றோரின் ஒப்புதலோடு, ஆண்டுக்கொரு முறை மாதிரி எடுத்து வகை பார்ப்பது பெரிய செலவில்லாத வேலை. மெல்லிய குச்சி, குளிர்பெட்டி, ஒரு நல்ல ஆய்வகம் போதும். தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களில், ஒவ்வோர் ஆண்டும் ஒரே முறையில் இதைச் செய்தால், எந்த வகை தேய்கிறது, எது முளைக்கிறது என்பது நோயாக வெடிக்கும் முன்பே தெரியும். வேலூரிலும் பெங்களூரிலும் உள்ள ஆய்வகங்கள் நிமோகாக்கஸின் மரபணுவைப் படிக்கும் உலகத் திட்டத்தில் பங்கேற்று அனுபவம் பெற்றவை. திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமாக இருப்பது, தடுப்பூசி வாங்கும் பணத்தின் ஒரு சிறு பங்கைக் கண்காணிப்புக்கென்று நிரந்தரமாக ஒதுக்கும் முடிவு.

மருத்துவமனைகளில் நடக்கும் குறை இன்னும் அடிப்படையானது. காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு முதலில் ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டு, பிறகு ரத்த மாதிரி எடுத்தால் நிமோகாக்கஸ் வளராது. இந்தக் கிருமி தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும் இயல்புடையது. மாதிரிக் குப்பியைக் கவனிக்கத் தாமதித்தாலே செத்துக் கரைந்துவிடும். பல ஊர்களில் நிமோகாக்கஸ் நோய் இல்லை என்று தோன்றுவதற்கு, அது ஆய்வகத்தில் வளர்க்கப்படவில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும். மருந்துக்கு முன் ரத்தம் எடுக்கும் பழக்கம் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வேரூன்றினால், மூக்கின் கணக்கும் நோயின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்திப் பேசும்.

ஆய்வாளர்கள் இப்போது இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறார்கள். மாசசூசெட்ஸ், பிரிட்டன், நெதர்லாந்து, தாய்லாந்து எல்லையிலுள்ள மேலா அகதிகள் முகாம் ஆகிய இடங்களின் நிமோகாக்கஸ் கூட்டங்களை 2017இல் ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. எல்லாக் கிளைகளிலும் இருக்காத மரபணுக்கள், ஒரு கூட்டத்தில் எத்தனை விழுக்காடு இருக்கின்றனவோ, ஏறக்குறைய அதே விழுக்காட்டில் தூரத்துக் கூட்டங்களிலும் இருந்தன. அரிதாக இருக்கும்போது ஒரு மரபணு அதைச் சுமக்கும் கிருமிக்கு நன்மை தருகிறது. பெருகினால் அந்த நன்மை குறைகிறது. தடுப்பூசி ஒரு கிளையை அகற்றினால், அது சுமந்த மரபணுக்களை ஈடுகட்டக்கூடிய கிளைகள் அடுத்து எழும்புகின்றன. இதைப் பயன்படுத்தி, எந்த வகை அடுத்து வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. எந்தெந்த வகைகளைச் சேர்த்தால் பின்விளைவு குறையும் என்று ஊருக்கேற்பத் தடுப்பூசியை வடிவமைக்கும் யோசனையும் 2020இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் இந்தக் கணிப்புகளுக்கு உள்ளூர்க் கிருமிகளின் மரபணுத் தரவு வேண்டும். மாசசூசெட்ஸின் தரவை வைத்து மானாமதுரையைக் கணிக்க முடியாது.

இந்தத் தரவை இப்போதே சேகரிப்பதற்கு உடனடிக் காரணமும் உண்டு. 10 வகைத் தடுப்பூசியோடு உலகம் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 15 வகை, 20 வகைத் தடுப்பூசிகள் வந்துவிட்டன. பெரியவர்களுக்கென்றே 2024இல் அனுமதி பெற்ற 21 வகைத் தடுப்பூசி, குழந்தைகளின் தடுப்பூசியால் ஒதுங்கிப்போன பல பழைய வகைகளை விட்டுவிட்டு, பெரியவர்களிடம் இன்று திரியும் வகைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனம் செய்த 14 வகைத் தடுப்பூசிக்கு 2022 இறுதியில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. இப்போதைய திட்டத் தடுப்பூசியில் இல்லாத 22எஃப், 33எஃப் ஆகியவை அதில் இருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில், எந்தத் தடுப்பூசியைத் தொடர்வது, எதற்கு மாறுவது என்று தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு முடிவெடுக்க வேண்டிவரும். கோடிக்கணக்கான குழந்தைகளை வேறு தடுப்பூசிக்கு மாற்றிவிட்டு, பெல்ஜியத்தைப் போலப் பிறகு திரும்பி வரும் வசதி நமக்கில்லை. 22எஃப், 33எஃப் நம் குழந்தைகளின் மூக்கில் பெருகுகின்றனவா, அல்லது வேறேதாவது வகை முந்திக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தக் குழுவின் மேசையில் இந்திய எண்கள் இருக்க வேண்டும். அந்த எண்களைச் சேகரிக்கும் வேலை இந்த ஆண்டே தொடங்கியாக வேண்டும்.